என் ஹாலில் இருந்த நெட் பெட்டி

நான் மத்தியானத்தில் தூங்குவதில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டைப் பார்த்த மாதிரி வீடு இருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? எவர் எதற்கு மனுவோடு போகிறார் என்று தெரியாமல் படுத்தால் புரண்டுகொண்டேதான் இருப்பேன்.

கீழ்ப்பகுதியை கைசர் ஜஹானுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற ஆபீஸ், மூன்று கம்ப்யூட்டர். அவற்றைப் பார்த்துக்கொண்டவன் ஜினேஷ். கம்பத்து வயர் மாடி வழியாக வருவதால் நெட் பெட்டியை என் ஹாலில் மாட்டினான். ஸ்விட்ச் என் நாற்காலிக்குப் பக்கத்தில்.

முதல் தடவை துடைக்கும்போது கைபட்டுத்தான் அணைந்தது. கீழே காத்திருந்த ஒரு பெண் தண்ணீர் குடிக்க மேலே வந்தாள். கால்மணி நேரத்தில் அவளுடைய விவாகரத்து வழக்கு முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நெட் இருந்தால் ஜனங்கள் வாயைத் திறப்பதில்லை.

அப்புறம் வாரத்துக்கு மூன்று நான்கு தடவை நானே அணைத்தேன். படியில் ஜினேஷின் செருப்புச் சத்தம் கேட்டதும் போட்டுவிடுவேன். பெட்டி மறுபடி உயிர்பெற ஐந்து நிமிஷம் பிடிக்கும். சிமிட்டுகிற விளக்குகளைப் பார்த்துத் தலையைச் சொறிவான். குரங்கு வயரில் ஊஞ்சலாடுகிறது என்று நான்தான் சொன்னேன். வயர் நெடுக முள்கம்பி கட்டினான். நன்றாகத்தான் கட்டினான், பாவம்.

"வயர மாத்தியாச்சு, பெட்டிய மாத்தியாச்சு. இனிமே என்னைத்தான்க்கா மாத்தணும்."

"டீ குடிப்பா. குரங்குக்கு நீ என்ன பண்ணுவ?"

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் சேர்ந்தால் எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் படுத்துவிடும். அந்த வயரை விட்டால் வேறு வழி இல்லை. அப்படியொரு பௌர்ணமியில், நாலரை மணிக்கு, அடி அண்ணாமலையிலிருந்து ராணியம்மாளும் மகள் கவிநிலாவும் நடந்தே வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். பெண்ணுக்கு அரசு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. ஐந்து மணிக்குள் சம்மதம் பதியாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ராணியம்மாளின் வீட்டுக்காரர் இன்னொருத்தியோடு இருப்பதாக மூன்று மாதமாக அரைகுறைப் பேச்சு. யாரென்று மட்டும் தெரியவில்லை. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்றால் நம்புவீர்களா? அணைத்தேன்.

"மேல வா ராணி. தண்ணி குடி. அவன் சரி பண்ணிடுவான்."

ஜினேஷ் இரண்டு முறை மேலே ஓடிவந்தான். இரண்டு முறையும் போட்டேன். அவன் இறங்கியதும் அணைத்தேன். கடைசியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி ரோட்டில் ஓடினான். கவிநிலா கீழே திரையை விட்டு அசையவே இல்லையாம்.

"வந்துடுமாக்கா?" என்றாள் ராணியம்மாள்.

"வந்துடும், வந்துடும். நீ சொல்லு, எந்தத் தெருக்காரி அவ?"

அழுது, மூக்கைச் சிந்தி, மாமியாரிடம் தொடங்கி, ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்குத்தான் ராணியம்மாள் அந்தப் பெயருக்கு வந்தாள். உடனே ஸ்விட்சைப் போட்டேன். ஒரு நொடி தாமதிக்கவில்லை.

மறுநாளே கைசர் ஜஹான் ஜினேஷை வேலையை விட்டு நிறுத்திவிட்டாள். ஆவணியில் அப்பன் பார்த்த லாரிக்காரனுக்குக் கவிநிலாவைக் கட்டிவைத்தார்கள். நானும் போனேன். மணமேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கி நெட்டு ஏன் ஆன்ட்டி போச்சு?"

"குரங்கும்மா" என்றேன்.

இப்போது நினைத்தாலும் எனக்கு ராணியம்மாள் மேல் கோபம்தான் வருகிறது. கால்மணி நேரம் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லித் தொலைத்திருந்தால், அந்தப் பெண் இந்நேரம் படித்துக்கொண்டிருப்பாள்.