சலிச்ச மண்ணு

கையை எடுங்க தம்பி. தொட்டிய உடைச்சது நான்தான், அள்ளுறதும் நானே அள்ளிக்கிறேன்.

என்னது, தண்ணி ஊத்தாம காய விட்டுட்டேனா? அண்ணின்னு வாய் நிறையக் கூப்பிட்டுட்டு அடுத்த மூச்சுலயே குத்தம் சொல்றீங்க பாருங்க, அது உங்களுக்குத்தான் வரும். இந்த மண்ண ஒரு பிடி பிழிங்க. பிழிங்கன்றேன்ல. காஞ்ச மண்ணா இது? செடி அழுகிச் செத்திருக்கு. வேரை மோந்து பாருங்க.

என் கைராசிய அப்புறம் பேசலாம். பக்கத்துத் தொட்டியும் நான் பாத்துக்கிறதுதான், எப்படி நிக்குது பாத்தீங்கல்ல? அது பருமணல். பரல் பெருசு, நடுவுல சந்தும் பெருசு, ஊத்துன தண்ணி ஓடிரும், வேருக்கு மூச்சு விட இடம் இருக்கும். நீங்க என்னமோ களிமண்ண மாவு மாதிரி சலிச்சுக் கொட்டிட்டுப் போனீங்க. அவ்ளோ பொடி மண்ணுல சந்தெல்லாம் மயிரிழை. உள்ள போன தண்ணிய அது லேசுல விடாது.

ஆமா, அடியில ஜல்லி போட்டீங்க. அதுதான் கெடுத்துச்சு. ஈரத் துணிய ஜல்லி மேல விரிச்சா ஈரமெல்லாம் கீழயா இறங்கிடுது? துணியிலயேதான் நிக்கும். சிரிக்காதீங்க, எனக்கும் முந்தி தெரியாது. காலைல உடைச்சப்பதான் பாத்தேன். மேல விரிசல் விட்டுக் கிடக்கு, நடுவுல ஒரே சேறு, அதுக்கும் கீழ உங்க ஜல்லி சொட்டு ஈரமில்லாம உக்காந்திருக்கு.

அப்போ ஏன் அவ்ளோ ஊத்துனேனா? நான் எங்க ஊத்துனேன்? ராத்திரி வேலை முடிஞ்சு நான் வந்து பாத்தா, உங்கம்மாவுக்குக் குடிக்க வச்ச சொம்பு காலியா இந்தத் தொட்டிகிட்ட கிடக்கும். கண்ணு மங்கிப் போச்சுல்ல, விரலால மேல் மண்ணத் தடவிப் பாப்பாங்க. காஞ்சிருந்தா ஊத்திருவாங்க. அடியில சேறுன்னு விரலுக்கு எப்படித் தெரியும்? நான் சத்தம் போட்டா, பூக்கட்டும்டி, வந்துருவான்னுவாங்க.

இப்ப ஏன் முகம் இப்படிப் போகுது? பூத்ததும் வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போறேன்னு நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க?

செடி செத்தது இன்னும் அவங்களுக்குச் சொல்லல. உங்க குரலக் கேட்டதும் பூத்துருச்சுன்னு நினைச்சுக்கிட்டு, துணிமணிய எல்லாம் பையில அடுக்கிட்டாங்க. ஜிப்பு மாட்டிக்கிச்சாம், கூப்பிடுறாங்க பாருங்க. போயி இழுத்து விடுங்க.