அழிக்காத படங்கள்

வேடசந்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மில் வேலைக்குப் போகும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னதைக் கேட்டதும் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“என்னைய கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டு, அந்த எடத்துல ஒரு பூந்தொட்டிய வச்சிருக்காக.”

“எந்தப் படத்துலக்கா?”

“எந்தங்கச்சி கல்யாண ஆல்பத்துல. அவளுக்குப் பின்னால நின்னு சேல மடிப்பச் சரி பண்ணேன். புருசனப் பறிகொடுத்தவ மேடையில தெரியக் கூடாதாம்.”

“அதுக்குத்தான் இம்புட்டு சிடி சேத்து வச்சிருக்கியா?”

“ஆமா. ஸ்டுடியோக்காரர்ட்ட அழிக்காத படத்தக் கேட்டு வாங்கிருவேன். காதுகுத்து, சடங்கு, வீடு பால்காய்ச்சுனது, எல்லாம் இருக்கு.”

“ஒங்க வீட்டுல கம்ப்யூட்டரே கெடையாது. யாரு பாக்கப் போறா?”

“பாக்குறதுக்கா சேக்குறேன்? நானும் அங்க நின்னேன்ல, அதுக்குச் சாட்சி வேணும்ல.”

தோழி மெதுவாகக் கேட்டாள்.

“அழிக்கச் சொன்னது ஒங்க அண்ணந்தான?”

“அண்ணன் பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னது தங்கச்சிதான். நான் மில்லுல அறுந்த நூல முடிச்சுப் போட்டு படிக்க வச்சேன்ல, அவதான்.”

“அவ வளகாப்புக்குப் போகாதக்கா.”

“போவேன். போட்டாக்காரர்ட்ட இப்பவே சொல்லிட்டேன், அழிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சிடி போட்டு வச்சிருங்கன்னு.”