குழந்தை அழுததா: ஆம், இல்லை

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், சார். அதனால் டிக் அடிக்கிற வேலை கிடைத்தபோது நிம்மதியாகவே இருந்தது.

குடும்ப நீதிமன்றத்தில் சந்திப்பு அறை என்று ஒன்று உண்டு. அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு குழந்தை ஒருவரிடம் வளரும். மற்றவர் சனிக்கிழமைதோறும் அங்கே வந்து இரண்டு மணி நேரம் பார்க்கலாம். நான் மூலையில் உட்கார்ந்து படிவம் நிரப்புவேன். 'குழந்தை அழுததா?' என்று அதில் ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அந்த டிக்கைப் பார்த்துத்தான் நீதிபதி அடுத்த உத்தரவு போடுவார். பதினோரு வருடமாக இத்தனை குடும்பங்களின் தலையெழுத்து என் பேனா முனையில். வீட்டில் டிவி ரிமோட்கூட என் கைக்கு வந்ததில்லை.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஆறு வயது மகளை வாலு என்றுதான் கூப்பிடுவார். அவள் வந்ததும் அவர் தோளில் ஏறிக்கொண்டு, எத்தனாவது மாடிக்குப் போகணும் என்று என்னைக் கேட்பாள். இரண்டு மணி நேரமும் சிரிப்புதான். நேரம் முடிந்து அவளுடைய அம்மா வாசலில் வந்து நின்றால், அப்பாவின் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு கதறுவாள்.

அழுதாள், 'ஆம்' என்று டிக் அடித்தேன். பொய் எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. தந்தையைச் சந்திக்கும்போதெல்லாம் குழந்தை அழுவதால், இனி மாதம் ஒருமுறை போதுமாம். மெக்கானிக் அந்தத் தாளை என்னிடமே கொண்டுவந்தார்.

"என்ன மேடம் இது? பிரியுறப்பதானே அழுவுறா?"

நியாயமான கேள்வி. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று சொன்னேன்.

அடுத்த சந்திப்பில் அவர் மகளை மடியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். "கெளம்பறப்ப அழக்கூடாதுடா வாலு. அழுதா அப்பாவப் பாக்க விடமாட்டாங்க."

"நீயும் அழாதப்பா. உன்னையும் விடமாட்டாங்க."

அன்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த இரண்டு மாதமும் அப்படியே. மூன்று முறையும் 'இல்லை' என்று டிக் அடித்தேன். குழந்தைக்குத் தந்தையிடம் ஒட்டுதல் இல்லை என்று சந்திப்பையே நிறுத்திவிட்டார்கள்.

கட்டம் இல்லாவிட்டால் என்ன, 'பிரியும்போது' என்று ஓரத்தில் ஒரு வார்த்தை எழுத இடம் இல்லையா என்று கேட்கிறீர்கள். இருந்தது, சார். நான்கு விரல் அகலத்துக்கு இருந்தது. நீதிபதி எப்படிப் புரிந்துகொள்வார் என்பதும் எனக்குத் தெரியும். இது முதல் குடும்பமும் இல்லை, இப்படி நாற்பது குடும்பமாவது தேறும். தெரிந்தேதான் எழுதாமல் விட்டேன்.

எழுதியிருந்தால் அந்தக் குழந்தை வாராவாரம் வந்து, வாராவாரம் அழுதிருக்கும். எனக்கு ரொம்ப இளகின மனசு, சார். பிள்ளைகள் அழுதால் தாங்காது.