துரைக்கு விரால்

"ஹலோ... ஹலோ... மலை பங்களாவா? ... யாரு, விருத்தாசலமா? ... யோவ், எஞ்சினியர் பேசறேன்யா. சத்தமா பேசு. ... ஆமா, ஆமா. விரால் கெளம்பிடுச்சா?"

திண்டிவனத்துத் தண்ணீர் எஞ்சினியர் கிருஷ்ணசாமி தம் வீட்டு நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மூன்று வருஷமாக மழை பொய்த்துக் கிணறெல்லாம் வறண்டுபோக, வல்லத்துக்கு மேலே மலையில் இருந்த நீர்த்தேக்கம் ஒன்றுதான் ஊர்க் குழாய்களுக்கு உயிர் கொடுத்துவந்தது. பஞ்சத்திலும் அந்தத் தண்ணீரை இவர் எப்படிக் கட்டிக் காக்கிறார் என்று மெச்சிவிட்டுப் போக மதராஸிலிருந்து ஒரு துரை மறுநாள் வருகிறார். துரைக்கு விரால் மீன் என்றால் கொள்ளை ஆசையாம். ஆகவே மதகைத் திறந்து தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி வலை போடும்படி காலையில் இதே டெலிபோனில் ஓவர்சியர் விருத்தாசலத்துக்குச் சொல்லியிருந்தார்.

"என்னது, மீன் இல்லியா? ... ஒண்ணுகூடவா? ... யோவ், மதகத் தொறந்தியா இல்லியா? ... தொறந்துட்டே. சரி, சரி. தண்ணி எறங்குச்சா? ... எறங்குச்சு. அப்பறம் மீனு மட்டும் எங்கய்யா போச்சு, றெக்க கட்டிக்கினு பறந்துடுச்சா? ... தண்ணியோட வாய்க்கால்ல போயிடுச்சா. ... வல்லத்து ஜனங்க புடிச்சிக்கினு இருக்காங்களா. பேஷ். துரைக்கு வெச்சத ஊரே துன்னுது. போய் நாலு நல்ல மீனா கேட்டு வாங்கி... இருய்யா, நான் பேசிக்கினு இருக்கறப்ப குறுக்க பேசாத. ... மதகுக்கு என்னா? ... மூட முடியலியா?"

மேலே கிடந்த கால் கீழே இறங்கியது.

"துரு ஏறின இரும்புப் பலகைதான், தெரியும்யா. ... கடப்பாரை போட்டு நெம்பித் தூக்கினீங்க. ... இப்ப அடியில கல்லும் சேறும் மாட்டிக்கினு எறங்க மாட்டேங்குது. ... அப்போ காலையிலேருந்து தண்ணி போய்க்கினே இருக்குதா? ... மண்ணு மூட்டை போட்டு அடைய்யா. ... அதயும் அடிச்சிக்கினு போச்சா. ... இப்ப எவ்ளோ நிக்குது? ... முழங்கால் ஆழந்தானா? ... குழாய் வாய் வெளிய தெரியுதா..."

குழாயின் வாய்க்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் ஊருக்கு ஒரு சொட்டு வராது. ஐப்பசி மழைக்கோ இன்னும் இரண்டு மாசம் கிடந்தது. மனுஷர் நிஜமாகவே பயந்துபோனார். ஆனால் அதிகாரிக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தானே வெளியே வரும்.

"தொறந்தா மூட முடியாதுன்னு ஏன்யா காலையிலயே சொல்லல? ... சொன்னியா? ... அதுக்கு நான் என்னா சொன்னேன்? ... 'மீனப் பத்தி மட்டும் பேசு'ன்னேனா. ... சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேன். ஆயிரம் வேல எனக்கு. ... ஆர்டரா? நான் எங்கய்யா ஆர்டர் போட்டேன்? எழுத்துல இருக்குதா? ... போன்ல பேசறதெல்லாம் ஆர்டரா? சௌக்கியமான்னு கேட்டா அதுவும் ஆர்டரா?"

மறுமுனையில் விருத்தாசலம் விசும்பினார்.

"அழுவாத. ... என்னாய்யா அங்க சத்தம்? ... பொம்பளைங்க கொடத்தோட வந்து நிக்கிறாங்களா? ... யாரு பொன்னி? ... அடிவாரத்துக் கூலிக்காரியா. ... கைக்கொழந்தைய வெச்சிக்கினு குடிக்க எங்க போறதுன்னு கேக்கறாளா. ... எஞ்சினியர் யோசிச்சிக்கினு இருக்கார்னு சொல்லு."

யோசிக்கத்தான் செய்தார், மீசையைத் தடவிக்கொண்டு.

"கேளு. இங்க ஊர்த் தொட்டியில கெடக்கறது நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கும். துரைய மலைக்கே கூட்டியார மாட்டேன். காலையிலயே தொட்டியக் காட்டி, மாலையப் போட்டு அனுப்பிடறேன். ... தண்டோராவா? இப்பவேவா? வேணாம், வேணாம். விஷயம் தெரிஞ்சா ஊரே குழாயடியில வந்து வுழும். துரை ரயிலேறட்டும், அப்பறம் அடிச்சிக்கலாம். ... பாவம்தான், எனக்கு மட்டும் தெரியாதா? ... ஆமா, ஆமா. யாருக்கும் மூச்சு வுடாத. வெச்சிடறேன்."

ரிசீவரை வைத்தார். பிறகு எழுந்துபோய், தெருவுக்குக் கேட்காத குரலில் மனைவியைக் கூப்பிட்டார்.

"காந்திமதி, ஜல்தி வா. அண்டா, குண்டா, பீப்பாய், ஒண்ணு வுடாம குழாயில தண்ணி புடிச்சி வெச்சிடு. கதவ சாத்திக்கினு புடி."