விண்தோணி: பழசும் புதுசும்

இல்லைங்க, பல்லு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. அது வெளியில உக்காந்திருக்கற பொண்ணுகிட்ட சொன்ன பொய். வலின்னு சொன்னாத்தானே உடனே உள்ள விடுவாங்க? சும்மா பேச வந்திருக்கேன்னா, டாக்டருக்கு நேரமில்லைன்னு அனுப்பியிருப்பா. அந்த லைட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்களேன், கண்ணு கூசுது. நாற்காலியைச் சாய்க்காதீங்க, வேண்டாம். மல்லாந்து படுத்துக்கிட்டு உங்ககிட்ட பேசறதுக்கு எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

நான் யாருன்னு தெரியலையா? லிப்ட் மெக்கானிக் பொண்டாட்டி. ஆமா, அதே லிப்ட் மெக்கானிக்தான். நீங்க மொத ஆளு, நான் ரெண்டாவது ஆளு. உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். டாக்டர்னா ரொம்பத் தள்ளி நிக்கற மாதிரி இருக்கு. அக்கான்னே கூப்பிடறேன். முறைன்னு பாத்தா அதுதானே வரும்? சிரிக்காதீங்க, வேற என்ன வார்த்தை இருக்கு நமக்கு?

பயப்படாதீங்க, சண்டைக்கு வரல. ஒரே ஒரு விஷயம் உங்ககிட்ட கேக்கணும். அந்த விண்தோணி சீரியல் இருக்கே, அதுல பழசுல அப்படி என்னதான்க்கா இருக்கு? அதே கதையை இப்போ திரும்ப எடுத்து விடறாங்களே, அந்தப் புதுசு வர ஆரம்பிச்சதுலேர்ந்து நானும் அவரும் வாராவாரம் ஒண்ணா உக்காந்துதான் பாப்போம். இப்போ மூணு வாரமா அது அப்படியே பாதியில நிக்குது. மனுஷன் வேலை விட்டு வந்ததும் பழசைப் போட்டுட்டு உக்காந்துடறாரு. ஏங்க புதுசு வேண்டாமான்னு கேட்டா, மனசு வரலம்மாங்கறாரு. பழசுக்கு மட்டும் மனசு வருதாம். பழசை யார் கூட உக்காந்து பாத்தாருன்னு எனக்குத் தெரியாதா?

வயித்தெரிச்சல்தான். ஒத்துக்கறேன். அதை மறைச்சுப் பேச எனக்கு வராது.

நான் ஒண்ணும் தெரியாம பேசறேன்னு நினைக்காதீங்க. பழசு அத்தனையும் பாத்தாச்சு, ஒண்ணு விடல. நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன். மத்தியானம் கூட்டம் இருக்காது. கவுண்டருக்குக் கீழ போனைச் சாய்ச்சு வெச்சுக்கிட்டுப் பாத்தேன். யாராவது பவர் செக் பண்ண வந்தா, எழுத்தைப் படிங்கன்னு அவங்களைப் போர்டைப் பாக்க விட்டுட்டு நான் இதைப் பாப்பேன். எதிரி வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கற மாதிரி இருந்துச்சுக்கா எனக்கு.

சொல்லுங்க, என்ன இருக்கு அதுல? நட்சத்திரம் நட்சத்திரமா தபால் கொண்டு போற ஒரு கப்பல். சுவரெல்லாம் அட்டை. கேப்டன் சாஞ்சா சுவரும் கூடவே சாயுது. அந்த ரோபோ, வாளின்னு கூப்பிடுவாங்களே, அது துணி துவைக்கற மிஷினுக்குக் கை ஒட்டினது. திரும்பும்போது பின்னாடி தண்ணி போற குழாய் தெரியுது. பச்சைக் காதுக்காரி கேப்டனைக் கட்டிப் பிடிச்சு அழற இடத்துல, காதுப் பெயின்ட் அவரு சட்டையில ஒட்டிக்கிச்சு. அடுத்த சீன்ல அவரு கறையோடயே நின்னு போர் அறிவிக்கறாரு. அப்புறம் அந்தக் கதவு! தானா திறக்கற கதவாம். பின்னாடி எவனோ கயித்தைப் பிடிச்சு இழுக்கறான். அவன் கொஞ்சம் அசந்தா கேப்டன் மூக்கு இடிபடுது.

அதுக்கு எங்க வீட்டுக்காரரு சிரிக்கற சிரிப்பு இருக்கே! கண்ணுல தண்ணி வந்துடும். நாள் பூரா லிப்ட் கதவோட மல்லுக்கட்டறவரு இல்லையா, மூக்கு இடிச்சா அப்படி ஒரு சந்தோஷம். அந்த இடம் வரும்போதெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கடான்னு நீங்க கத்துவீங்களாமே? அவருதான் சொன்னாரு. நானும் ஒரு தடவை கத்திப் பாத்தேன். சிரிச்சாரு, இல்லைன்னு சொல்லல. கடைக்கு வந்தவங்க, இந்த பிரேம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வாங்காம போவாங்க பாருங்க, அந்தச் சிரிப்பு.

புதுசு எப்படி இருக்கு தெரியுமா? பாக்கலையா நீங்க? நெஜமாவே ஒண்ணு கூட பாக்கலையா? பாருங்கக்கா, சும்மா பழசைக் கட்டிக்கிட்டு அழாம. கப்பலைப் பாத்தா தொட்டுப் பாக்கணும் போல இருக்கும். கேப்டன் ஒரு பொம்பளை, வாயைத் திறந்தா நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டா, ஆனா ஒவ்வொண்ணும் சுருக்குன்னு இருக்கும். பச்சைக் காது இப்போ காது மாதிரியே அசையுது. குறைன்னு சொன்னா இருட்டுதான். அவ்ளோ பெரிய கப்பல் கட்டினவங்களுக்கு ஒரு பல்பு போட வக்கில்லையான்னு நானே திட்டியிருக்கேன். ஆனா விறுவிறுப்பு! யாரு எப்போ போவாங்கன்னே சொல்ல முடியாது. ஆசையா ஒருத்தரைப் பாத்துக்கிட்டு இருப்போம், பொசுக்குன்னு போட்டுத் தள்ளிடுவாங்க. நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். பழசுல என்ன? எவ்ளோ பெரிய சண்டைன்னாலும் கடைசியில கப்பல்ல இருக்கற அந்த அஞ்சு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுத்தி உக்காந்து கெக்கேபிக்கேன்னு சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. அதுல என்ன சுவாரஸ்யம்?

புதுசு என்னோடதுன்னு வெச்சிருந்தேன்க்கா. வேற என்ன சொல்றது. பழசு உங்களோடது, போனா போகட்டும், புதுசு என்னோடது. அப்படித்தான் மனசுல ஒரு கோடு போட்டு வெச்சிருந்தேன்.

அந்தப் பந்தயம் வேற. ஆமா, டீ பந்தயம். எனக்கு எல்லாம் தெரியும். டிவியிலேர்ந்து பதிவு பண்ணி வெச்ச கேசட் பாதி ஓடினதும் நிறுத்திடுவீங்க, முடிவு என்னன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவீங்க, தோத்தவங்க டீ போடணும். புதுசு வர ஆரம்பிச்சதும் நானும் கேட்டேன், நாமளும் விளையாடலாமான்னு. சரின்னாரு. நாலஞ்சு வாரம் விளையாடினோம். அப்புறம் பாத்தா, வேணும்னே தோத்துட்டு எழுந்து போய் டீ போடறாரு. உங்க கூட விளையாடும்போது டீ யாரு போடறதுன்னு அடிச்சுக்குவீங்களாம். எனக்கு விட்டுக் கொடுக்கறாரு. விட்டுக் கொடுத்தா சந்தோஷப்படணும்தானே? எனக்குக் காதுல புகை வந்துச்சு.

இதைக் கேளுங்க, இது அதை விட மோசம். பழசுல கடைசிக் கதை இருக்கே, கப்பலை எரியற நட்சத்திரத்துக்குள்ள ஓட்டிக்கிட்டுப் போறது. நீங்க ரெண்டு பேரும் பதிவு பண்ணும்போது பாதியில கரண்ட் போயிடுச்சு. அதோட கேசட் நின்னு போச்சு. அதுக்கப்புறம் முழுசா பாக்க எத்தனையோ வழி வந்தும் நீங்க ரெண்டு பேரும் பாக்கவே இல்லை. நீங்களே ஒரு முடிவு கட்டிக்கிட்டீங்க. இதெல்லாம் எனக்கு அப்போ எப்படித் தெரியும்? ஒருத்தர் சொன்னாத்தானே? நான் பாட்டுக்கு ஒரு நாள் சாப்பிடும்போது, என்னங்க, அந்த வாளி அப்படி நட்சத்திரத்தையே முழுங்கிட்டு ஏப்பம் விடுதேன்னு சிரிச்சுட்டேன். எனக்கும் பழசெல்லாம் தெரியுமாக்கும்னு காட்டிக்க நினைச்சேன், அவ்வளவுதான். கையில எடுத்த சோறு அப்படியே நின்னுச்சுக்கா. கோபப்படல, திட்டல. அதுதான் முடிவான்னு மட்டும் கேட்டாரு. அப்புறம் தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு. ஊரு உலகத்துல எவளாவது இத்தனை வருஷத்துக்கு முன்னாடி வந்த சீரியலோட முடிவைச் சொல்லி மாட்டிக்கிட்டிருப்பாளா?

உங்களுக்கும் தெரியாதா? ஐயோ, இப்போ உங்களுக்கும் சொல்லித் தொலைச்சுட்டேனா! போச்சு போங்க. மன்னிச்சுக்கங்க. சத்தியமா வேணும்னு சொல்லல. சரி, கொஞ்சூண்டு வேணும்னுதான்.

உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்ல மாட்டாரு, அதுதான் எரிச்சல். சண்டை போட்டுப் பிரிஞ்சிருந்தா எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்திருக்கும்! நல்ல மனுஷி, ஒத்து வரல, அவ்வளவுதாம்பாரு. அதுக்கு மேல நான் என்ன கேக்க? உங்க வாசல் போர்டைப் பாத்துட்டு இந்தத் தெரு வழியா எத்தனை தடவை நடந்திருக்கேன் தெரியுமா? கண்ணாடிக் கதவுக்குள்ள வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு நீங்க யார் வாயையோ எட்டிப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. எட்டிப் பாக்கும்போது கூட அழகாத்தான் இருக்கீங்க. தொலையட்டும்.

எப்போலேர்ந்தா? அதான் சொன்னேனே, மூணு வாரமா. அதுக்கு முன்னாடி எப்பவாவது ஒண்ணு பாப்பாரு, அவ்வளவுதான். மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சா? ஒண்ணும் நடக்கலையே. ரெண்டு பேரும் சண்டை கிண்டை எதுவும் போடல. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோம், ரிசல்ட் சொன்னாங்க, வந்தோம், சாப்பிட்டோம், அவரு பழசைப் போட்டாரு.

யாருக்குன்னா கேக்கறீங்க? எனக்குத்தான். படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு போனேன். இதயத்துல வால்வு ஒண்ணு சரியா மூட மாட்டேங்குதாம். வீட்டுக்கு வர்ற வழியில அவருகிட்ட சொன்னேன், உங்க லிப்ட் கதவு மாதிரிதாங்க, மாத்திட்டாப் போச்சுன்னு. அவரு சிரிக்கவே இல்ல. புதன்கிழமை ஆபரேஷன். அதுக்கு முன்னாடி பல்லு சுத்தமா இருக்கணுமாம், சொத்தை கித்தை இருந்தா அந்தக் கிருமி ரத்தத்துல போய் புது வால்வுல உக்காந்துடுமாம். உங்களுக்குத் தெரியாததா. அதனால பல்லு காட்டணும்ங்கறது மட்டும் பொய் இல்லைக்கா. இந்த ஊர்ல எத்தனையோ பல் டாக்டர் இருக்காங்க, எங்க வேணும்னாலும் போயிருக்கலாம். உங்ககிட்ட வரணும்னு தோணுச்சு.

ஏன்னா, புதன்கிழமை அவரு அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல தனியா உக்காந்திருப்பாரு. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அவரு சொந்தக்காரங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியும், வந்தா இவரையே டீ வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க. எட்டு மணி நேரம் ஆனாலும் ஆகுமாம். தனியா உக்காந்தா மனுஷன் என்னென்னவோ நினைச்சு நொந்து போயிடுவாரு. நீங்க போய் உக்காரணும்க்கா. கேக்கக் கூடாதுன்னு தெரியுது, கேட்டுட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. அவரு போன்ல புதுசு போட்டுக் காட்டுங்க. விட்ட இடம் நான் குறிச்சுத் தர்றேன். பழசைப் போடக் கூடாது. நான் உள்ள கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது, நீங்க ரெண்டு பேரும் வெளிய பழசு பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கறதை என்னால தாங்க முடியாது. நான் இல்லாம போயிட்டா கூடத் தாங்க முடியாது.

ஏன் தலையை ஆட்டறீங்க? புதுசு பாக்க மாட்டாரா? ஏன்?

இல்ல, இருங்க. மறுபடி சொல்லுங்க.

பழசுல யாருமே சாக மாட்டாங்கன்னா சொல்றீங்க?

ஆமா. வாராவாரம் அஞ்சு பேரும் திரும்பி வந்து மேசையில உக்காருவாங்க. ஆமாக்கா. புதுசுல எவளை எப்போ போட்டுத் தள்ளுவாங்கன்னு... ஐயோ. நான் அதைத்தானே விறுவிறுப்புன்னு அவருகிட்டயே சொல்லிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டு இருந்தேன்க்கா. அப்போ மூணு வாரமா அவரு பாத்தது உங்களை நினைச்சு இல்லையா?

அந்தப் பஞ்சைக் கொஞ்சம் கொடுங்க. இல்ல, வாய்க்கு இல்ல, கண்ணுக்கு.

சரி. சரி, பழசையே போடுங்க. எத்தனை வேணும்னாலும் போடுங்க, கதவு இடிக்கறது எல்லாத்தையும் போடுங்க, சிரிக்கட்டும். ஆனா ஒண்ணு, அவரு பக்கத்துல ஒட்டி உக்காராதீங்க. நடுவுல ஒரு சீட்டு காலியா விடுங்க. இப்போ நாற்காலியைச் சாய்ங்க, பல்லைப் பாருங்க. சுத்தமா பாருங்க, ஒரு சொத்தை விடாதீங்க. அந்தச் சீட்டுல நான் வந்து உக்காரணும்.