ஆணியில் தொங்கிய இரண்டு டோக்கன்கள்

படகில் ஏறுகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது எலுமிச்சை மிட்டாய்தான். வயிற்றைப் புரட்டாது. அன்றும் கொடுத்தேன். என் தங்கை இரண்டு எடுத்துக்கொண்டாள். ஒன்று அவளுக்கு, ஒன்று மாப்பிள்ளைக்கு.

எங்கள் தொழில் சுலபமானது, சார். ஆளில்லாத தீவுகளுக்குச் சுற்றுலாக்காரர்களை அழைத்துப்போய், முதுகில் காற்று சிலிண்டரை மாட்டி, கடலுக்கடியில் ஆமையும் திருக்கையும் காட்டுவோம். வழிகாட்டிகளில் நான்தான் மூத்தவன். தங்கையையும் மாப்பிள்ளையையும் தண்ணீருக்குப் பழக்கியவனும் நான்தான்.

போன மாதம் ஆழத்தில் எனக்குக் கண் இருட்டிவிட்டது. மாப்பிள்ளைதான் பிடித்து மேலே கொண்டுவந்தார்.

"மச்சான், டாக்டரைப் பாருங்க. இல்லேன்னா முதலாளிகிட்ட நான் சொல்லிடுவேன்" என்றார்.

"சொல்லிட்டு என் இடத்துல நீங்க உக்காந்துக்கலாம்னா?"

"உனக்கு வீம்பு, அண்ணா. ஒருநாள் மீனுக்குத் தீனியாத்தான் போகப்போற" என்றாள் தங்கை.

"என்னைத் தின்னா மீனுக்குத்தான் வயித்துவலி."

மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன்.

சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தங்கை சம்பந்தமே இல்லாமல் ஏதாவது ஆமையைப் பற்றிச் சொல்வாள். மாப்பிள்ளை போனைக் கவிழ்த்து வைப்பார். என்னை நிமிர்ந்தும் பார்க்காத முதலாளி ஒருநாள் "சாப்பிட்டியாப்பா?" என்று விசாரித்தார். உங்களுக்குப் புரிகிறதல்லவா? காரணமில்லாமல் யாரும் அப்படிக் கேட்பதில்லை. கடைசியில் அந்தப் பயணத்தன்று காலையில், "இன்னிக்கு நீ தண்ணில இறங்க வேணாம், மேலயே இரு" என்றார். எல்லாம் தெளிவாகிவிட்டது.

இரண்டு படகுகளில் போனோம். எங்கள் படகில் ஆணிகள் அடித்த பலகை ஒன்று உண்டு. தண்ணீரில் இறங்குகிறவர் தன் டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவார்; ஏறியதும் எடுத்துக்கொள்வார். பலகை காலியானால்தான் படகோட்டி எஞ்சினைக் கிளப்புவார்.

சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஒரு பெரிய திருக்கையைப் படம் எடுக்க மாப்பிள்ளை மறுபடி இறங்கினார். கூடவே தங்கையும். அதற்குள் மற்றப் படகு கிளம்பிப் போய்விட்டது. கடலுக்கடியில் யாரும் தனியாகப் போகக்கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும் என்பது எங்கள் சட்டம். ஒருவர் குறைந்தால் ஜோடி தேடும், சத்தம் போடும். அதனால் ஒரு டோக்கனை மட்டும் எடுப்பதில் அர்த்தமில்லை. இரண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"தங்கச்சி எங்கப்பா?" என்றார் படகோட்டி.

"அந்தப் படகுல ஏறிட்டாங்க. மாப்பிள்ளைக்கு உங்க பீடி நாத்தம் தாங்கலையாம்."

"வீட்டுல என் பொண்டாட்டியும் அதையேதான் சொல்றா" என்று சிரித்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினார்.

கொஞ்சதூரம் வந்ததும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் காற்றடைத்த இரண்டு நீளப் பைகள் நின்றன. உதவி கேட்கத் தூக்கிப் பிடிப்பவை அவை. நான் படகின் முன்பக்கம் கையை நீட்டி, "அங்க பாருங்க, டால்பின்" என்றேன். எல்லோரும் முன்னால் ஓடினார்கள். அங்கே டால்பின் எதுவும் இல்லை. ஆனாலும் ஒருவர் வாலைப் பார்த்ததாகச் சொன்னார்.

முதலாளி உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். புதியவர்களுக்கு நீச்சல்குளத்தில் சொல்லித்தரும் வேலையை எனக்குத் தரச்சொல்லித்தான் மாப்பிள்ளை கெஞ்சினாராம். நல்லது. கடலில் இருந்தவனைக் குளத்தில் போடச்சொன்னவரை நீங்கள் நல்லவர் என்கிறீர்கள்.

தங்கை விஷயத்தில் மட்டும் வாக்குமூலத்தில் நீங்கள் தவறாக எழுதியிருக்கிறீர்கள், சார். அதைத் திருத்த வேண்டும். அவளைப்போல் நீந்துகிறவர்கள் எங்களில் யாரும் இல்லை. தனியாக நீந்தியிருந்தால் இருட்டுவதற்குள் தீவில் ஏறியிருப்பாள். மாப்பிள்ளைக்குக் காலில் தசை பிடித்துக்கொள்ளும்; அவரால் அவ்வளவு தூரம் முடியாது. அது அவளுக்கும் தெரியும். உடல்களைக் கண்டெடுத்தபோது அவள் விரல்கள் அவருடைய சிலிண்டர் வாரில் கோத்திருந்ததாக நீங்களே சொன்னீர்கள்.

ஆகவே மாப்பிள்ளையைக் கொன்றது நான், ஒப்புக்கொள்கிறேன். என் தங்கையைக் கொன்றது அவர்தான்.