பின்னால் நடப்பவர்கள்

— டீயைக் குடிங்க தலைவரே. இன்னும் அரை மணி நேரத்துல ரசிகர் மன்ற ஊர்வலம். ஆறிப்போச்சுன்னா வேற போட்டுத்தர எனக்கு நேரமில்லை.

— ஊர்வலம் கிடையாது நெரிஸ். ரத்து பண்ணப்போறேன்.

— எதுக்கு? மழைகூட இல்லையே.

— மழைக்கு என்னைக்கு நிறுத்தியிருக்கோம்? தொண்ணூத்திமூணுல புயல்லயே நடந்தவங்க நாம. இது வேற. புதுசா எடுத்த 'உப்புக் கடிகாரம்' சீரியலோட டைரக்டரம்மா எனக்குப் பதில் கடுதாசி எழுதியிருக்காங்க. காலையில அவங்களே கையில குடுத்தாங்க.

— நீங்க எழுதின அந்த நீளக் கடுதாசிக்கா?

— ஆமா, நான் எழுதினதுல என்ன தப்பு, சொல்லு. பழசு அறுபத்தெட்டுல இதே ஊர்ல எடுத்த சீரியல். ஒரு ஆடு நீதிபதியா உக்காரும். போஸ்ட்மேன் தனக்குத்தானே தந்தி குடுப்பாரு. ஒண்ணுக்கும் விளக்கம் கிடையாது. கடைசிப் பாகத்துல ஊர் ஜனம் மொத்தமும் மணிக்கூண்டுலேர்ந்து கடல் வரைக்கும் படிக்கட்டுல பின்பக்கமாவே நடந்து இறங்குது. அதோட உயிரே அதுதான். இந்தம்மா புதுசா எடுத்ததுல ஜனங்க என்ன பண்றாங்க? கடல்லேர்ந்து நேரா, சாதாரணமா மேல ஏறி வர்றாங்க. குளிச்சிட்டு வீட்டுக்குப் போற மாதிரி.

— பார்த்தேன், பார்த்தேன். உங்க கடுதாசியில நானும்தானே கையெழுத்து போட்டேன்.

— இருநூத்திப் பன்னெண்டு பேர் போட்டோம். 'உங்களுக்கு மூலம் தெரியாது, எங்களுக்குத் தெரியும்'னு எழுதினேன். அடிக்கோடு வேற போட்டேன். அதுக்கு அவங்க ஒரு போட்டோவைப் பதிலா வெச்சிருக்காங்க. இந்தா, பாரு.

— மூக்குக் கண்ணாடி உள்ள இருக்கு. நீங்களே சொல்லுங்க.

— அறுபத்தெட்டுல, படப்பிடிப்பு நடந்தப்ப எடுத்தது. கேமரா மேல மணிக்கூண்டுகிட்ட இருக்கு. ஜனங்க கடல்லேர்ந்து மேல வர்றாங்க. முன்னாடி பார்த்து நெரிஸ், முன்னாடி பார்த்து. அப்புறமா ஃபிலிமைக் கடைசியிலேர்ந்து ஆரம்பத்துக்குத் திருப்பி ஓட்டியிருக்காங்க. அவ்வளவுதான் ரகசியம்.

— அப்படியா.

— 'அப்படியா'வா? எண்பத்தொண்ணுலேர்ந்து வருஷா வருஷம் நாம அந்தத் தொண்ணூத்தாறு படியையும் பின்பக்கமா இறங்கியிருக்கோம். எனக்கு ரெண்டு தடவை கணுக்கால் போச்சு. ஹியூ மாமாவுக்கு இடுப்பு. ஒருத்தர்கூட அன்னைக்கு இப்படி நடக்கவேயில்லை.

— அந்தக் காட்சியில சிம்னிக்குள்ள புகை இறங்குமே, அப்பவே உங்களுக்குத் தோணலையா?

— அதுக்கு நான் பதினோரு பக்கம் கட்டுரை எழுதியிருக்கேன். 'ஊர் தன் மூச்சைத் தானே திரும்ப இழுக்கிறது'ன்னு. நம்ம மன்றப் பத்திரிகையில வந்துச்சு. பாராட்டி எழுபது கடுதாசி.

— நல்ல கட்டுரை. நான் படிச்சேன்.

— சிரிக்காத. அந்தம்மா இப்போ மணிக்கூண்டுகிட்ட நிக்கிறாங்க, நாம இறங்குறதைப் பார்க்கணுமாம். தப்பா இறங்குற இருநூறு பேரை. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் முதல் படியில நிப்பேன்?

— கடுதாசியில வேற என்ன எழுதியிருக்காங்க?

— முதல்ல நம்ம மாதிரியே பின்னாடி நடக்க வைக்கத்தான் நினைச்சாங்களாம். போன வருஷம் தபால்ல இந்தப் போட்டோ வந்துச்சாம், பேர் இல்லாம. பார்த்ததும் மாத்திட்டாங்களாம். நம்மள்ல ஒருத்தன்தான் அனுப்பியிருக்கான். கார்டிஃப்லேர்ந்து வர்ற அந்த ட்யூடர்தான். எனக்கு அப்பவே அவன் மேல சந்தேகம்.

— ட்யூடரை விடுங்க, அவரு பாவம். போட்டோவை இன்னொரு தடவை பாருங்க. மூணாவது வரிசையில, ஈரச் செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு வரும்.

— ஆமா. ஒன்பது, பத்து வயசு இருக்கும். கண்ணாடி இல்லாம உனக்கு எப்படி... நெரிஸ்?

— ஒன்பது. படப்பிடிப்பு முடிஞ்சதும் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் குடுத்தாங்க.

— நாப்பது வருஷத்துக்கு மேல எங்களை இப்படி நடக்கவிட்டுட்டு, நீ பாட்டுக்கு டீ ஊத்திக்கிட்டு இருந்திருக்க.

— சொல்லத்தான் வந்தேன் க்விலிம். முதல் வருஷம் நீங்க பதினோரு பேர் வந்தீங்க. பைத்தியக்காரங்கன்னு ஊரே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். சொல்லிட்டு வரலாம்னு படிக்கட்டுக்குப் போனேன். அங்க ஒரு பேங்க் மேனேஜர் கண்ணை மூடிக்கிட்டு ஒரு லாரிக்காரரோட பெல்ட்டைப் பிடிச்சிருக்காரு. கீழே இருக்கிறவர் 'படி'ன்னா எல்லாரும் கால் வைக்கிறீங்க, 'நில்லு'ன்னா நிக்கிறீங்க. பின்னாடி என்ன இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது, பக்கத்துல இருக்கிறவனை நம்பி இறங்குறீங்க. நாங்க நடந்தப்ப அப்படியெல்லாம் இல்லை. குளிரு, எப்போ விடுவாங்கன்னு இருந்துச்சு. உங்களைப் பார்த்துட்டு அப்படியே திரும்பி வந்துட்டேன். என் ஊர்ப் படிக்கட்டுல இப்படி ஒண்ணு நடக்குதேன்னு அவ்வளவு பெருமை. எப்படிச் சொல்லுவேன்?

— எங்ககிட்ட சொல்லலை, சரி. போட்டோ அனுப்பி அவங்ககிட்ட மட்டும் எதுக்குச் சொன்ன? அதை நான் கேக்கலாம்ல?

— போன வருஷம் அவங்க ஆளு ஒருத்தர் இதே மேஜையில உக்காந்து பாரா பிரித் ரொட்டி சாப்பிட்டாரு. நம்ம ஊர்வலத்தை வீடியோ எடுத்து வெச்சிருக்காங்களாம். நடிகர்களுக்கு அதைப் போட்டுக்காட்டி அப்படியே செய்யவைக்கப் போறாங்களாம். இனிமே உலகமே அந்த நடையைப் பார்க்கும்னாரு, சந்தோஷமா.

— நல்ல விஷயம்தானே?

— மறுநாளே என்கிட்ட இருந்த போட்டோவைத் தபால்ல போட்டுட்டேன். நாங்க அன்னைக்கு நடந்த நடையை அவங்க தாராளமா எடுத்துக்கட்டும். பின்னாடி நடக்கிறது உங்களோடது, அதை நான் யாருக்கும் குடுக்கமாட்டேன்.